கண்டோர் கூற்று: ஹோமாய் வியாரவாலாவின் நிழற்படங்கள்

அகத்திணைப் பாடல்களைப் பயில்வோர் நன்கறிந்த மாந்தர் தலைவன், தலைவி, தோழி, செவிலி ஆகியோர். இவர்களுக்கு அப்பால், சிற்சில பாடல்களில் மட்டும் தலைகாட்டும் மற்றொருவரும் உண்டு. பாலை வழியே உடன்போக்கிற் செல்லும் இருவரை எதிர்ப்பட்டு, தாம் கண்டது இன்னதென்று சொல்லிவிட்டுத் தம் வழியே போய்விடுபவர் அவர். இலக்கணம் இவரைக் 'கண்டோர்' என்கிறது. நிகழ்ச்சியில் இவருக்குப் பங்கில்லை; அதனால் இவருக்கு ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை. ஆயினும் தொல்காப்பியர் இவருக்கும் கூற்று நிகழ்த்தும் உரிமையை அளித்துள்ளார். கண்டோர் வாய் திறவாவிடின், அவ்விருவரும் அவ்வழியே சென்றது பின்தேடி வரும் செவிலிக்கு எங்ஙனம் தெரியவரும்?

பத்திரிகை நிழற்படக் கலைஞரைப் பற்றி எண்ணுந்தோறும் நமக்கு இக்கண்டோரே நினைவுக்கு வருகின்றனர். அவ்வகையில், நாம் வாழும் இத்தில்லி மாநகரிலேயே ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் காமிராவைத் தோளில் சுமந்து திரிந்த ஹோமாய் வியாரவாலா அம்மையாரின் படங்களைப் பற்றிச் சில கூற விழைகிறோம். 'இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை நிழற்படக் கலைஞர்' என்பது அவரைப் பற்றி எழுதுவோர் அனைவரும் தவறாமற் சூட்டும் பட்டம். பட்டம் உண்மையே. ஆனால் அப்பட்டத்தைச் சொல்லி முடித்தவுடன் பலரும் எழுந்து போய்விடுகிறார்கள், படங்களைப் பார்ப்பதில்லை. ஒரு கலைஞரை அவர் எத்தனையாவதாக வந்தார் என்று எண்ணிவிட்டு, என்ன செய்தார் என்று நோக்காதிருப்பது திறனாய்வு ஆகாது.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1913ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் குஜராத்தின் நவ்சாரியில் பார்சிக் குடும்பமொன்றிற் பிறந்தவர். தந்தையார் ஊர் ஊராகச் சென்று நடிக்கும் நாடகக் குழுவில் நடிகர். பம்பாயில் செயின்ட் சேவியர் கல்லூரியிலும், ஜே.ஜே. கலைப் பள்ளியிலும் கற்றார். காமிராவைக் கையாளக் கற்பித்தவர், பிற்காலத்தில் அவருடைய கணவரான மானெக்ஷா வியாரவாலா. 1938இல் 'பாம்பே கிரானிக்கிள்' ஏட்டில் அவர் எடுத்த படங்கள் முதன்முதலாக வெளிவந்தன. பெண்கள் கூடி உலாப் போன ஒரு நாளின் படங்கள் அவை. படம் ஒன்றுக்குக் கூலி ஒரு ரூபாய்.

அதன்பின் நடந்ததுதான் நம் சிந்தனைக்குரியது. 'இல்லஸ்டிரேட்டட் வீக்லி ஆப் இந்தியா' வார இதழில் அவருடைய தொடக்கக் காலப் படங்கள் பல அவர் பெயரில் வெளிவரவில்லை. கணவர் பெயரிலேயே வெளிவந்தன. மானெக்ஷா அவ்விதழை வெளியிட்ட நிறுவனத்திற் பணியாற்றியவர். அவர் பெயர் அறிமுகமான பெயர். நேற்று வந்த இளம்பெண்ணின் பெயரை அக்காலத்தில் யார் அறிவார்? இதனைக் கேட்டுப் பிறர் வியக்கலாம். நம்மைப் போன்று மைய அரசு அலுவலகங்களிற் பணிபுரிவோர்க்கு இதில் வியப்பொன்றுமில்லை. வரைவை எழுதுபவர் ஒருவர். கையொப்பம் இடுபவர் மற்றொருவர். கோப்பு மேலே மேலே ஏறிச் சென்று, நாம் எழுதிய வாக்கியம் வேறொருவருடைய வாக்கியமாகித் திரும்பி வருகிறது. அதனை நாம் குறையென்று கொள்வதும் இல்லை. ஆயின் நிழற்படம் கோப்பன்று. அது ஒருவர் ஓரிடத்தில் ஒரு நொடியில் நின்றார் என்பதற்குச் சான்று. அதன்கீழ் வேறு பெயர் நிற்பது, கண்டோர் கூற்றைக் காணாதார் வாயில் ஏற்றியதாகும்.

பின்னர் அவரே தமக்கொரு புனைபெயரையும் வைத்துக்கொண்டார்: 'டால்டா 13'. பிறந்த ஆண்டு 1913. வருங்காலக் கணவரைச் சந்தித்தது பதின்மூன்றாம் வயதில். வாங்கிய முதற் காரின் எண் டி.எல்.டி. 13. மஞ்சள் வண்ணத் தகரடப்பாவிற் பனைமரம் வரைந்து வந்த டால்டாவை அறியாத தில்லித் தமிழ்க் குடும்பம் உண்டோ? நெய் வாங்க இயலாத மாதக் கடைசியில் அதுதானே நம் இல்லங்களில் நெய். காலியான டப்பாவிற் பருப்பு நிறைந்திருக்கும். நாட்டின் பெருந்தலைவர்களைப் படம்பிடித்தவர் அப்பெயரைத் தமக்கு இட்டுக்கொண்டாரென்றால், அவர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் எத்தகையது என்பது விளங்கும்.

1942இல் பிரிட்டிஷ் தகவல் நிறுவனத்தின் பணியேற்று அவர் தில்லிக்கு வந்தார். அப்பணியோடு, வார இதழ்களுக்கும் தனியே படம் எடுத்தளித்து வந்தார். அக்காலத் தில்லியின் செய்தி நிழற்படக்காரர் கூட்டத்தில் பெண் அவர் ஒருவரே. சேலை உடுத்து, கனத்த பெட்டிகளையும் பிளாஷ் பல்புகளையும் சுமந்து, சைக்கிளிற் சென்றவர் என்கின்றனர் எழுதியோர்.

அவர் கையாண்ட கருவிகளைப் பற்றி ஒரு சொல். இன்று நாம் கைப்பேசியில் ஒரு பிறந்தநாளுக்கு இருநூறு படம் எடுக்கிறோம். அன்று 'ஸ்பீட் கிராபிக்' காமிராவில் ஒவ்வொரு தகட்டுப் பிலிமாகச் செருக வேண்டும். ஒவ்வொரு படத்திற்கும் ஒரு பல்பு எரிந்து கெடும். 'ரோலிபிளெக்ஸ்' காமிராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம், அவ்வளவே. அதிலும் ரோலிபிளெக்ஸைக் கண்ணருகே தூக்கிப் பிடிப்பதில்லை. வயிற்றருகே ஏந்தி, தலையைக் குனிந்து, மேற்புறத்துக் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும் உருவைப் பார்க்க வேண்டும். படம் எடுப்பவர் எதிரே நிற்பவரை முறைத்து நோக்குவதில்லை. குனிந்த தலையோடு நிற்கிறார். எதிரே நிற்பவரும் தம்மை ஒருவர் நோக்குகிறார் என்பதை எளிதில் மறந்துவிடுகிறார். அம்மையாரின் படங்களிற் காணும் ஒருவகை மரியாதைக்கும், அம்மரியாதையினூடே அவர் கவர்ந்துகொள்ளும் இயல்பான முகபாவங்களுக்கும், இக்கருவியும் ஒரு காரணம் என்று கருதுகிறோம். சுருளில் பன்னிரண்டே என்பதால் காத்திருக்கவும் வேண்டும். காத்திருத்தலே அவருடைய கலையிற் பாதி.

எம் தந்தையார் 1963இல் ஜி.டி. எக்ஸ்பிரசில் தில்லி வந்திறங்கியவர். ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், ஒரு பணி நியமன ஆணை, வேறொன்றும் இல்லை. அப்பெட்டியின் அடியில், பழைய வார இதழ்களினின்று கத்தரித்த படங்கள் சில இருந்தன. புறாவைப் பறக்கவிடும் நேருவின் படம் அவற்றுள் ஒன்று. தேசிய விளையாட்டரங்கில் எடுத்த அப்படத்தில், உயர்ந்த கைகளும் மேல்நோக்கிய முகமும் ஒரு கணம் நாட்டின் நம்பிக்கையாகவே தோன்றும். கத்தரித்த தாளில் எடுத்தவர் பெயர் இல்லை. 2010இல் ஜெய்ப்பூர் மாளிகையிலுள்ள தேசிய நவீன கலைக் காட்சியகத்தில் அம்மையாரின் படங்களைத் தொகுத்துக் காட்சி வைத்தபோது, அலுவலக நண்பர் இருவருடன் சென்றிருந்தோம். சுவரில் அப்படத்தைக் கண்டபோதுதான், நம் வீட்டுப் பெட்டியில் இத்தனை ஆண்டு கிடந்தது யாருடைய பார்வை என்பதை அறிந்தோம். தந்தையாரிடம் சொன்னோம். "அப்படியா, ஒரு பொம்பளை எடுத்ததா?" என்றார், பிறகு நெடுநேரம் அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

இனி, அவர்மீது சொல்லப்படக்கூடிய குறைக்கு வருவோம். அவர் அரசவைப் படக்காரர். ஆள்வோரின் விருந்து, வரவேற்பு, அணிவகுப்பு ஆகியவற்றையே எடுத்தார் என்பது அக்குறை. பொருளை மட்டும் நோக்கின் இது பொய்யன்று. மவுண்ட்பேட்டன் பிரபு, எலிசபெத் அரசியார், ஹோ சி மின், ஜாக்குலின் கென்னடி என அவர் படங்களில் வந்து போவோர் அனைவரும் புறத்திணை மாந்தரே. பாடாண் பாடுவதற்கு வேண்டிய யாவும் அங்கு உண்டு. ஆனால் அவர் பாடியது பாடாண் அன்று என்பதே நம் துணிபு. புறத்திற்குரிய மாந்தரை அகத்திற்குரிய கண்ணால் நோக்கினார்.

இரண்டு படங்களைச் சான்றாகக் காட்டலாம். ஒன்று, பாலம் விமான நிலையத்தில் எடுத்தது. பிரதமர் நேரு தம் தங்கை விஜயலட்சுமி பண்டிட்டின் வருகையை எதிர்நோக்கி நிற்கிறார். அருகில் ஓர் அறிவிப்புப் பலகை: இங்கே நிழற்படம் எடுப்பது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது என்பது அதன் வாசகம். நாட்டை ஆள்பவரும், அவர் ஆட்சியின் விதியும், அவ்விதியை மீறும் காமிராவும் ஒரே சட்டத்துள் அடங்கிவிட்டன. இதில் ஏளனம் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. வீட்டுப் பெரியவரைப் பின்புறமிருந்து பார்த்துப் புன்னகைக்கும் மகளின் குறும்பு இருக்கிறது. மற்றொன்று, விமானப் பயணத்தின்போது எடுத்தது. பிரிட்டிஷ் துணைத் தூதரின் மனைவி திருமதி சைமனின் சிகரெட்டுக்கு நேரு தீ மூட்டுகிறார். அவர் உதட்டிலும் ஒரு சிகரெட். நாட்டுத் தலைவர்க்கு உகந்த படமா இது என்று முகஞ்சுளித்தோர் உண்டு. பகைமை கொண்டு இப்படத்தைப் பரப்புவோர் இன்றும் உண்டு. எடுத்தவர் நோக்கில் பகைமை சிறிதும் இல்லை. ஒரு மனிதர் இன்னொருவருக்குச் செய்யும் சிறு உபசாரத்தை அவர் கண்டார், எடுத்தார். அவைப் புலவர் பார்க்க விரும்பாததும், பகைவர் விளங்கிக்கொள்ள இயலாததும் கண்டோர் கண்ணில்தான் படும்.

இவற்றினும் கனமானது 1947 ஜூன் மாதப் படம். நாட்டுப் பிரிவினைத் திட்டத்தை ஏற்பதற்குக் காங்கிரசார் கை உயர்த்தி வாக்களிக்கும் காட்சி. முழக்கம் இல்லை, கண்ணீர் இல்லை. உயர்ந்த கைகள் மட்டுமே. பள்ளியில் விடை தெரிந்த மாணாக்கர் உயர்த்துவது போன்ற கைகள். இலட்சக்கணக்கானோர் வீடிழந்து, உயிரிழந்து போகக் காரணமான முடிவு இத்துணை அமைதியாக, இத்துணை ஒழுங்காக நிறைவேறியது என்பதை எந்த வரலாற்று நூலும் இப்படம் அளவுக்கு உணர்த்தவில்லை. படத்தை எடுத்தவர் எதனையும் அழுத்திச் சொல்லவில்லை. அழுத்திச் சொல்லியிருப்பின் நாம் அவரை நம்பியிருக்கமாட்டோம்.

அவ்வாண்டைச் சேர்ந்த வேறொரு நிகழ்ச்சியை அவரே பிற்காலத்தில் நகைச்சுவையோடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஜின்னா பாகிஸ்தானுக்குப் புறப்படும் முன் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், ஆடவர் தோள்களுக்கு மேலே பார்வை எட்டும்பொருட்டுப் பெட்டிகளின்மேல் ஏறி நின்றவர் சறுக்கி விழுந்துவிட்டார். ஓசை கேட்டுத் திரும்பிய ஜின்னா, அடிபட்டதா என்று கேட்டாராம். கண்டோருக்கு இது நேரக்கூடாத விபத்து. அன்றொரு நாள் அவரே காட்சியாகிவிட்டார்.

அவர் வாழ்நாள் முழுதும் ஆறாத வருத்தம் வேறு. 1948 ஜனவரி 30. பிர்லா மாளிகையின் மாலை வழிபாட்டைப் படம்பிடிக்கப் புறப்பட்டவரை, நாளை இருவருமாகச் செல்லலாம் என்று கணவர் திருப்பி அழைத்துக்கொண்டார். அந்நாளை வரவில்லை. அதே நாளில், உலகப் புகழ்பெற்ற மற்றிருவர் காந்தியடிகளைச் சந்தித்துச் சென்றிருந்தனர். பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரசோன் சற்று முன்னர்தான் அவருடன் உரையாடித் திரும்பியிருந்தார். சுடப்பட்ட செய்தி கேட்டு விரைந்து வந்து, பிர்லா மாளிகை வாயிலில் மக்களுக்கு நேரு அச்செய்தியைச் சொல்லும் படத்தை எடுத்தார். 'லைப்' இதழின் மார்கரெட் போர்க்-ஒயிட்டும் அன்று பேட்டி கண்டவர். அவரும் திரும்பி வந்தார். அடிகளின் உடல் கிடத்தப்பட்டிருந்த அறையில் பிளாஷ் ஒளியைப் பாய்ச்சிப் படமெடுக்க முயன்று, துயருற்றிருந்தோரின் சினத்துக்கு ஆளாகிப் பிலிமை இழந்தார்.

ஹோமாய் அவ்விடத்தில் இருந்திருப்பின் என்ன செய்திருப்பார்? சுடப்படும் கணம் அவர் காமிராவிற் பதிந்திருக்கக்கூடும் என்பதே பலரும் எண்ணி வருந்துவது. அவரும் அவ்வாறே வருந்தினார். நமக்கு வேறோர் ஐயம் உண்டு. 1964இல் நேரு மறைந்தபோது, பிறர் காணாவண்ணம் சக படக்காரர்களின் பின்னே மறைந்து நின்று அழுதவர் அவர். அவ்வறையில் ஒளி பாய்ச்சியிருக்கமாட்டார் என்பது உறுதி. அதனால் அவர் சிறந்த மனிதர் ஆகலாம். சிறந்த செய்தியாளர் ஆவாரா? போர்க்-ஒயிட்டின் செயலை நாம் வெறுக்கிறோம். ஆனால் அவ்வம்மையாரின் அதே முரட்டுத் துணிவுதான், 1947இல் பஞ்சாபில் எல்லை கடந்து நடந்த அகதிகளின் நெடுவரிசைகளை உலகின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது. இதனை எளிதிற் புறந்தள்ள இயலாது.

ஏனெனில், நாம் குறிப்பிட விரும்பும் குறை இங்குதான் தொடங்குகிறது. 1947இன் இறுதியில் தில்லியின் பழைய கோட்டையும் உமாயூன் கல்லறையும் அகதி முகாம்களாக நிறைந்து வழிந்தன. வியாரவாலா என்ற பெயரைச் சொன்னவுடன் நம் மனக்கண்ணில் எழும் படங்களில் அம்முகாம்கள் இல்லை. கை உயர்த்தியோரைக் கண்டோம்; அக்கைகளின் விளைவை அவரிடம் காண்கிலோம். அவர் பணி அவரை அங்கு அனுப்பவில்லை என்பர். உண்மையே, அலுவலகப் பணியின் வரம்பு நமக்குத் தெரியாததன்று. எனினும் பம்பாயில் இளமைக் காலத்தில், உடன் பயின்ற ரெஹானா மொகலையும் பிற பெண்களையும் சாலையிலும் வகுப்பறையிலும் அத்துணை உயிர்ப்போடு படம்பிடித்தவர், தில்லியில் சாமானியரை நோக்கித் திரும்பிய தருணங்கள் குறைவு என்பதைச் சொல்லாமல் விட இயலவில்லை. அவர் எடுத்த விருந்து மண்டபங்களுக்கு வெளியே, கோப்புகளைக் கட்டிக்கொண்டு கரோல்பாக் பேருந்துக்கு நின்றிருந்த எழுத்தர் கூட்டமும் அத்தில்லியில் இருந்தது. அக்கூட்டத்தில் நம்மவர் பலர் இருந்தனர். சட்டத்திற்கு ஓரடி அப்பால் அவர்கள் நிற்பதாக எண்ணிக்கொள்வது நமக்கு ஒரு வழக்கமாகிவிட்டது.

இக்குறையால் அவர் புகழ் குன்றுமா? குன்றாது, ஆனால் அவர் மரியாதைக்கு அவரே கொடுத்த விலை எது என்பது தெளிவாகும். பிறரை இழிவாகக் காட்டும் படத்தை எடாதிருத்தல் அவர் தமக்கு விதித்துக்கொண்ட நெறி. துன்பத்தின் உச்சத்தில் மனிதர் தம்மைக் காத்துக்கொள்ளும் நிலையில் இருப்பதில்லை. அவர்களை எடுப்பின் அந்நெறி தளரும். எனவே அந்நெறியாளர் துன்பத்தினின்று விலகியே நிற்க நேர்கிறது. இரண்டையும் ஒருங்கே கொண்டவர் அரியர்.

அந்நெறியே இறுதியில் அவரைத் தொழிலினின்றும் வெளியேற்றியது. 1969இல் கணவர் மறைந்தார். அடுத்த ஆண்டு, 1970இல், அவர் காமிராவைக் கீழே வைத்தார். புதிதாக வந்த படக்காரரின் முண்டியடிப்பும் நடத்தைக் குறைவும் தமக்கு ஒவ்வாதனவாயின என்பதே அவர் கூறிய காரணம். 1956 நவம்பரில் சிக்கிமின் நாதுலா கணவாய் வழியாக இளம் தலாய் லாமா இந்தியாவுக்குள் வருவதைப் படம்பிடிக்க, மலைநாடு வரை தனியே பயணம் செய்தவர் அவர். உடல் தளர்ச்சிக்கு அஞ்சி விலகினார் என்று எவரும் சொல்லார். அதன்பின் நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் தொழிலுக்குத் திரும்பவில்லை. இச்செயலைச் சிலர் துறவென்று போற்றுவர். நமக்கு அது இழப்பாகவே படுகிறது. 1970க்குப் பின் இந்நாட்டில் நிகழ்ந்தவை சிறியனவல்ல; மரியாதை தெரிந்த ஒரு கண் அப்போதுதான் மிகவும் தேவைப்பட்டது. முண்டியடிப்போர்க்கு இடம் விட்டு நல்லோர் விலகினால், பின்னர்க் கண்டோர் என்று எஞ்சுவோர் யாவர்?

பிலானியில் மகனுடனும், பிறகு வடோதராவிலும் வாழ்ந்தார். 1989இல் மகனையும் இழந்தபின் தனியே, தம் வேலைகள் அனைத்தையும் தாமே செய்துகொண்டு இருந்தார். 2006இல் சபீனா கடியோக் எழுதிய நூல் அவரை மீண்டும் நாட்டின் பார்வைக்குக் கொணர்ந்தது. 2011இல் பத்ம விபூஷண் விருது வந்தது. 2012 ஜனவரி 15ஆம் நாள், 98ஆம் வயதில் மறைந்தார். அவருடைய படத்தொகுதி, அவரே ஒப்படைத்தபடி, தில்லி அல்காசி அறக்கட்டளையின் பாதுகாப்பில் உள்ளது.

கடியோக்கின் நூல் ஆங்கிலத்தில் உள்ளது. விலையும் சற்று மிகுதி. நம் சங்க நூலகத்தில் அதன் படி ஒன்றை வாங்கி வைக்குமாறு செயற்குழுவினரை இம்மலர் வாயிலாகவே கேட்டுக்கொள்கிறோம். நம் இல்லங்களின் பழைய பெட்டிகளில், எடுத்தவர் பெயரின்றிக் கிடக்கும் வார இதழ்த் தாள்கள் இன்னும் சில இருக்கக்கூடும். நூலை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, அவருடையது எனத் தெரிந்தால், தாளின் கீழே பென்சிலால் அவர் பெயரை எழுதிவைக்கலாம். எம் தந்தையார் தம் தாளில் எழுதிவைத்தார். தமிழில், சற்றுப் பிழையோடு.